ஆறாவது பாத்தி, பதினாலாவது செடி

இந்த டப்பாவைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறியா தாயி? கனம் ஒண்ணுமில்ல. பழைய பெயிண்டு டப்பா, அரை டப்பா மண்ணு, ஒரே ஒரு செவ்வந்திச் செடி. கீழ வைக்க வேணாம். வளைவுல வண்டி சாயும்போது யாரு காலாவது தட்டிரும். நானே வச்சுக்கலாம்தான். என் கை மேல எனக்கு நம்பிக்கையில்ல, அதான்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். பேசிக்கிட்டே இருப்பேன், கை அது பாட்டுக்கு வேலை பாக்கும். வீட்டுல கீரை ஆயும்போது நல்ல கீரையக் குப்பையில போட்டுட்டுத் தண்டச் சட்டியில போட்டிருக்கேன். மருமக திட்டுவா. அது வேற விசயம். இந்தச் செடி வேற விசயம்.

நீ பண்ணை ஸ்டாப்புக்குத்தான டிக்கெட் எடுத்த? கண்டக்டர்ட்டக் கேட்டது காதுல விழுந்துச்சு. நாத்து வாங்கப் போறியா, நல்லது. இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. மலை இறங்கி முடிக்கவே முக்கால் மணி ஆகும். நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பு.

நீ ஏன் இப்படிக் கையத் தூக்கிக்கிட்டே டப்பாவப் பிடிக்கிற? பண்ணையில செடிக்குக் கதிர்வீச்சு குடுக்குறாகன்னு யாராச்சும் சொன்னாகளா? கதிர் எல்லாம் ஒட்டாது தாயி. கதிர் காட்டுனது எப்பவோ, எங்கயோ. பண்ணையில இருக்குற மேடம் அதைத் தெளிவாச் சொல்லிட்டாக. நானும் முதல்ல பயந்தேன். மூணு மாசம் சோத்த ஸ்பூன்லதான் தின்னேன்.

நான் அந்தப் பண்ணையிலதான் வேலை பாக்குறேன். பூ ஆராய்ச்சிப் பண்ணை. இருபத்திரெண்டு வருசம் ஆச்சு, இன்னமும் தினக்கூலிதான். ஆனா இந்தப் பங்குனியில நிரந்தரம் பண்ணப் போறாக. பதினோரு பேரு பட்டியல் மேல போயிருக்கு. பட்டியல்ல இருந்து ஒரு பேர அடிக்க எம்புட்டு நேரம் ஆகும்ங்கிற? பேனா எடுக்குற நேரந்தான்.

என்ன வேலைன்னு கேட்டா, கலப்பு எடுக்குறது. புரியலையா? ஒரு வயலு பூராம் மஞ்சச் செவ்வந்தி நட்டிருக்கோம்னு வையி. அதுல ஒண்ணே ஒண்ணு வெளிர் மஞ்சளா வந்திருக்கும். இன்னொண்ணு ரெண்டு விரக்கடை உசந்து நிக்கும். ஒண்ணுல இதழு சுருண்டிருக்கும். அதை விட்டா அதுல இருந்து கொழுந்து எடுத்து நட்டு, அடுத்த வருசம் வயலே கெட்டுப் போகும். அதனால மாறி வந்தது கண்ணுல பட்டா அந்த நிமிசமே பிடுங்கணும். பிடுங்குனா மட்டும் பத்தாது, தண்டு முறிச்சுத்தான் குப்பைக்குழியில போடணும். இல்லாட்டி யாராவது எடுத்துட்டுப் போயி நட்டுருவாக.

அதுல என்னை அடிக்க ஆளே கெடையாது. பத்தாயிரம் செடியில மாறுனது ஒண்ணு இருந்தா, வரப்புல நடந்து போகும்போதே கண்ணு போயிக் குத்தி நிக்கும். கண்ணு பாக்குறதும் கை பிடுங்குறதும் ஒண்ணாத்தான் நடக்கும், நடுவுல புத்திக்கு வேலையே இல்ல. கலப்பு வெள்ளத்தாயின்னாத்தான் பண்ணையில தெரியும். மேனேஜரு அய்யாவே வெளியூரு அதிகாரிக வந்தா என்னையக் கூப்பிட்டுக் காட்டுவாரு.

அப்படி இருக்கும்போது போன ஆடியில எமல்டா மேடம் வந்தாக. சின்ன வயசுதான், உன் வயசு இருக்கும். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாக. ரோஸ் கலர் செவ்வந்தியில ரெண்டாயிரத்துச் சொச்சம் கொழுந்து எடுத்து, பெட்டியில அடுக்கி, எங்கயோ கொண்டுபோயிக் கதிர் காட்டிக் கொண்டாந்தாக. அந்தக் கதிர் செடிக்குள்ள போயி எதையோ கலைச்சு விட்டுருமாம். கலைஞ்சதுல பாதி செத்துப் போகும், மிச்சத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு யாரும் பாக்காத புதுப் பூவாப் பூக்குமாம். அதுக்காகத்தான் அம்புட்டுப் பாடு.

எனக்குக் குலை நடுக்கம் தாயி. நட்டுப் பதினஞ்சாம் நாளே செடி கருக ஆரம்பிச்சிருச்சு. பொழைச்சதும் ஒழுங்கா இல்ல. ஒண்ணு ஒரு சாணுக்கு மேல வளரவே இல்ல. ஒண்ணுல இலை முறுக்கிக்கிட்டு, கொப்புளம் கொப்புளமா. செடிக்கே இப்படின்னா தினம் அதுல நிக்கிற நமக்கு என்ன ஆகும்னு ராத்திரி தூக்கமே வராது. மேடத்துட்டக் கேட்டேன். "அக்கா, வெயில்ல காஞ்ச துணி வீட்டுக்குள்ள வந்து வெயில் அடிக்குமா? அதே மாதிரிதான்"னாக. சரின்னேன். பயம் சரின்னு சொன்னாப் போயிருமா.

முதல் நாளே எங்க எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னாக. ஆளுக்கு அஞ்சாறு மூங்கில் குச்சி குடுத்தாக, நுனியில சிவப்புத் துணி கட்டுனது. "மத்த வயல்ல மாறி வந்தா பிடுங்குவீங்க. இங்க மாறி வந்ததுக்காகத்தான் நாம காத்திருக்கோம். பார்த்தா கை வைக்காதீங்க. பக்கத்துல கொடி நட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க"ன்னாக. இன்னொண்ணும் சொன்னாக. மாறுறது முழுச்செடியும் மாறாதாம், ஒரே ஒரு கிளைதான் மாறும், அந்தக் கிளைக் கொழுந்த எடுத்து நட்டாத்தான் புதுப் பூ வரும், மத்த கிளையில பழைய ரோஸ்தான் பூக்கும்னாக. தலைய ஆட்டுனேன். புத்திக்குப் புரிஞ்சுச்சு. கைக்கு யாரு சொல்றது?

ஐப்பசியில பூக்கத் தொடங்குச்சு. வரிசையா ரோஸு, ரோஸு, ரோஸு. ஒரு நாக் காலையில ஏழு மணிக்குப் பனி ஈரத்தோட பாத்திக்குள்ள இறங்குனேன். வீட்டுல மருமகளோட சண்டை, அதையே மனசுக்குள்ள பேசிக்கிட்டுப் போறேன். ஆறாவது பாத்தி. பாதி தாண்டியிருப்பேன். கையில ஒரு செடி இருக்கு. வேரோட. தண்டு முறிஞ்சு தொங்குது.

செம்புக் குடத்தப் புளி போட்டுத் தேய்ச்சு வெயில்ல வச்சா ஒரு நிறம் வருமுல்ல, அந்த நிறம் தாயி அந்தப் பூ. ஒரே ஒரு கிளையில ஒரே ஒரு பூவு. என் ஆயுசுல அப்படி ஒண்ணு பாத்ததில்ல. நான் பாத்ததே அது கையில வந்த பெறகுதான்.

என்ன பண்ணுவ அந்த நேரத்துல? சொல்லு. திருப்பி நட முடியுமா, தண்டு ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான். அப்படியே கோணிக்குள்ள போட்டு, மேல களையப் போட்டு, குப்பைக்குழியில கொட்டிட்டு வந்துட்டேன். யாரும் பாக்கலைன்னு நெனச்சேன். ரெண்டாயிரத்துல ஒண்ணு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன்.

பத்து மணிக்கு மேடம் போனக் கையில வச்சுக்கிட்டு ஓடியாராக. முந்தின நா அந்தியில அந்த மொட்டு லேசா வாய் திறந்தப்பவே பாத்துட்டாகளாம். போட்டோ எடுத்து வச்சிருக்காக. விடிஞ்சு வெளிச்சத்துல நல்லாப் பாத்துட்டுக் கொடி நடலாம்னு போயிருக்காக. "ஆறாவது பாத்தி, பதினாலாவது செடி எங்க?"ன்னாக. அந்த இடத்துல குழிதான் இருக்கு. மேடம் அப்படியே வரப்புல உக்காந்துட்டாக. சத்தம் போட்டு அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. சும்மா அந்தக் குழியவே பாத்துக்கிட்டிருந்தாக.

அப்பச் சொல்லியிருக்கலாம்னு நீ நெனைக்கிற. உன் மூஞ்சியில தெரியுது. எனக்கு அம்புட்டுப் பயம் தாயி. சொல்லத்தான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள மேனேஜரு அய்யா வந்துட்டாரு, எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுட்டாரு, "போலீசுக்குப் போன் போடவா?"ன்னுட்டாரு. அதுக்கு மேல எப்படிச் சொல்றது.

செல்லக்கிளின்னு ஒருத்தி எங்களோட வேலை பாத்தா. தண்ணி பாய்ச்சுறவ. புருசன் இல்ல, பிள்ளை இல்ல, பூப் பைத்தியம். தலையில கூடைப் பூ இருக்கும் எந்நேரமும். எந்தச் செடியக் கண்டாலும் ஒரு கொழுந்து கிள்ளி இடுப்புல செருகிக்குவா. கேட்டு வாங்கி வச்சா வேர் பிடிக்காதாம், தெரியாம எடுத்து வச்சாத்தான் தழையுமாம். நம்ம பக்கம் எல்லாரும் சொல்றதுதான், ஆனா அவ மாதிரி அதையே வேலையா யாரும் வச்சுக்க மாட்டாக.

மேனேஜரு ஒவ்வொருத்தராக் கேட்டுக்கிட்டே வாராரு. எங்கிட்ட வந்தாரு. "வெள்ளத்தாயி, உனக்குத் தெரியாம இங்க ஒரு இலை அசையாது. நீ சொல்லு"ன்னாரு. நான் எடுத்தேன்னும் சொல்லல, அவ எடுத்தான்னும் சொல்லல. "செல்லக்கிளி வாசல்ல நெறையச் செடி வச்சிருக்கா அய்யா"ன்னேன். அம்புட்டுத்தான். அது உண்மைதான? ஊருக்கே தெரியுமே. பொய் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது.

போயிப் பாத்தாக. பண்ணைச் செடி மூணு அவ வாசல்ல இருந்துச்சு. இது இல்ல, சாதா மஞ்சள் ரெண்டு, வெள்ளை ஒண்ணு. அது போதும்ல அவுகளுக்கு. அன்னைக்குச் சாயங்காலமே வேலைக்கு வராதன்னுட்டாக. அவ மண்வெட்டியக் கழுவி மூலையில சாத்தி வச்சா. எங்களை ஒரு பார்வை பாத்தா. போயிட்டா.

பட்டியல்ல அவ பேரு எனக்கு முந்தி இருந்துச்சு. இப்ப நான் ஒரு எடம் மேல வந்துட்டேன்னு கிளார்க்கு சொன்னாரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும் சொல்லு.

டப்பாவ லேசாச் சாச்சுப் பிடி தாயி, வெயிலு நேரா விழுகுது. ஆங், அப்படித்தான்.

அன்னைக்கு எல்லாரும் போனபெறகு குப்பைக்குழிக்குப் போனேன். கிளறித் தேடி எடுத்தேன். வாடித் தொவண்டு போச்சு, பூவு கருத்திருச்சு. ஆனா தண்டுல உசுரு இருந்துச்சு. தூக்குவாளிக்குள்ள சுருட்டி வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தேன். எதுக்கு எடுத்தேன்னு கேட்டா எனக்கே தெரியல. மேடம் அந்தக் குழியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாகள்ல, அது கண்ணுலயே நின்னுச்சு. மூணு கொழுந்து தேறுச்சு. எது எந்தக் கிளைன்னு இருட்டுல எனக்குத் தெரியல. குளிக்கிற மறைப்புக்குப் பின்னாடி மூணு டப்பாவுல நட்டேன்.

அதுல இருந்து நாலு மாசம் நான் பட்ட பாடு. யாராவது கதவத் தட்டுனா போலீசுன்னு நெனப்பேன். பேரன் அந்தப் பக்கம் பந்து எடுக்கப் போனா அடி விழும் அவனுக்கு. பண்ணையில மேடம் என்னையக் கண்டு "சாப்பிட்டீங்களா அக்கா?"ன்னு கேட்டா, தெரிஞ்சுதான் கேக்குறாகளோன்னு வரப்பு மாறிப் போயிருவேன். அவுக பாதியா எளைச்சுப் போனாக. மிச்சம் இருந்த செடி ஒண்ணுகூட மாறல. அடுத்த மாசத்தோட அவுக படிப்புக்குக் குடுத்த காலம் முடியுது. திரும்ப முதல்ல இருந்து செய்ய விட மாட்டாகளாம்.

ஒரு டப்பா செத்துப் போச்சு. ஒரு டப்பா பூத்துச்சு, ரோஸு. சாதா ரோஸு. மூணாவது டப்பாவுல மொட்டு வச்சிருச்சு. அதுதான் உன் மடியில இருக்கு.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நல்ல யோசனைதான், கேளு. செல்லக்கிளி இப்ப மலையில அண்ணன் வீட்டுல இருக்கா, காப்பித் தோட்டத்துக்குப் போறா. பாக்கப் போற மாதிரி போயி, இந்த டப்பாவ அவ வாசல் செடிகளோட செடியா வச்சுட்டு வந்துரலாம். பெறகு பண்ணையில யாரு காதுலயாவது ஒரு வார்த்தை போட்டா, வந்து பாத்து எடுத்துக்குவாக. மேடத்துக்குச் செடி கெடச்சிரும், படிப்பு முடிஞ்சிரும். எம்பேரு பட்டியல்ல நிக்கும். அவளுக்கு என்ன, ஏற்கெனவே எடுத்தான்னு பேரு வந்தாச்சு. புதுசா ஒண்ணும் ஆகப் போறதில்ல. யாருக்கும் நட்டமில்லாம முடியணும்னுதான் நெனச்சேன்.

இன்னைக்குக் காலையில போனேன். அவ வீட்டுல இல்லாத நேரமாப் பாத்துத்தான் போனேன். வாசல் பூராம் செடி. குனிஞ்சு டப்பாவ ஒரு மூலையில வைக்கிறேன், பின்னாடி இருந்து "அக்கா"ன்னு ஒரு குரல். எனக்கு உசுரு போயித் திரும்பி வந்துச்சு. காய்ச்சல்னு வேலைக்குப் போகலையாம்.

திட்டுவான்னு நெனச்சேன். கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. காப்பி குடுத்தா, இட்லி சுட்டா. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கேக்கல. பெறகு வாசலுக்கு வந்து டப்பா பக்கத்துல குத்தவச்சா. ஓரமா ஒரு சின்ன மொட்டக் கிள்ளி, நகத்தால கீறி, உள்ளங்கையில வச்சு எங்கிட்ட நீட்டுனா. உள்ள மடிஞ்சு கெடந்த இதழு செம்பு நிறம்.

"இதுதான்க்கா அது. சரியான கிளையத்தான் நட்டிருக்க"ன்னா.

"எது?"ன்னேன்.

"ஆறாவது பாத்தியில நீ பிடுங்குனது. வாய்க்கா மடையில நின்னு பாத்தேன். சாயங்காலம் மறந்து வச்ச தூக்குவாளிய எடுக்கத் திரும்பி வந்தப்ப நீ குழியக் கிளறுனதையும் பாத்தேன்."

பாத்திருக்கா தாயி. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்திருக்கா. வரிசையில நின்னப்ப அவளுக்குத் தெரியும். அவ வாசலச் சோதனை போட்டப்ப அவளுக்குத் தெரியும். மண்வெட்டியக் கழுவி வச்சப்ப அவளுக்குத் தெரியும்.

"ஏன்டி சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்க்கா. அன்னைக்கு இல்லாட்டியும் மறுநா, மறுநா இல்லாட்டியும் அதுக்கு மறுநா. நீ மாறிவந்ததப் பிடுங்குறவதான, கெட்டவ இல்லையே"ன்னா. "இப்பவும் ஒண்ணும் ஆகல. கொண்டுபோயி மேடத்துட்டக் குடு. கை தெரியாமப் பிடுங்கிருச்சுன்னு சொல்லு. அந்தப் பிள்ளை செடியக் கண்டா உன்னையக் கட்டிப் பிடிச்சுக்கும்"ன்னா.

கெளம்பும்போது அவ வாசல் பூவயே பறிச்சு, நெருக்கமாத் தொடுத்து, என் தலையில வச்சு விட்டா. பாரு, பின்னாடி எம்புட்டுக் கனமாத் தொங்குது. நான் இம்புட்டுப் பூ வச்சதே இல்ல.

அதுல இருந்து எனக்கு அதே நெனப்புத்தான். நீயே யோசிச்சுப் பாரு. யாராவது சும்மா இருப்பாகளா? வேலை போயி, பேரு போயி, ஊர விட்டுப் போயி, அம்புட்டையும் தெரிஞ்சுக்கிட்டு நாலு மாசம் வாயத் திறக்காம இருந்திருக்கான்னா, மனசுல என்னமோ வச்சிருக்கா. இட்லி எதுக்குச் சுட்டா? பூ எதுக்கு வச்சு விட்டா? திட்டியிருந்தா நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன். அவளைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலையேன்னுதான் பயமா இருக்கு. போலீசுக்குக்கூட இப்படிப் பயந்ததில்ல தாயி.

அந்தா வேப்ப மரம் தெரியுதுல்ல, அதுதான் எங்க ஊரு விலக்கு. நான் இறங்கணும்.

இல்ல, இல்ல, டப்பா உங்கிட்டயே இருக்கட்டும். எப்படியும் நீ பண்ணைக்குத்தான போற. வாசல்ல நுழைஞ்சா இடது பக்கம் பச்சை வலைப் பந்தல். அங்க எமல்டா மேடம்னு கேளு. கையில குடுத்துரு. நானே போகலாம்தான். கால் வர மாட்டேங்குது. பங்குனிக்கு இன்னும் இருபது நாளுதான் இருக்கு. அது முடியட்டும், அதுக்கப்புறம் நானே போயி எல்லாத்தையும் சொல்லிருவேன். செல்லக்கிளி மேல சத்தியமாச் சொல்லிருவேன்.

எம்பேரு உங்கிட்டச் சொன்னனா? சொல்லிட்டனா? பேசிக்கிட்டே வந்ததுல நெனப்பில்ல. சொல்லியிருந்தா மறந்துரு. நல்ல பிள்ளையா இருக்க, உன்னைய எதுக்கு வம்புல மாட்டி விடணும்.

யாரு குடுத்தாகன்னு மேடம் கேப்பாக. பேரு தெரியாதுன்னு சொல்லு. மலையில பஸ் ஏறுன ஒரு பொம்பளை குடுத்துச்சு, தலை நிறையப் பூ வச்சிருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. அதுல ஒரு சொல்லுகூடப் பொய் இல்ல, நீயே பாத்துக்க. மிச்சத்த அவுகளே புரிஞ்சுக்குவாக.